வீட்டைப் பார்க்கும் முன் தெருவைப் பாருங்கள்: சென்னைக்குக் குடும்பத்தோடு குடி வருகிறவர்களுக்கு

வேலை மாற்றலாகியோ, பிள்ளைகள் படிப்புக்காகவோ, பெங்களூரும் துபாயும் போதும் என்று திரும்பியோ சென்னைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ஏரியா நல்ல ஏரியா?" என்றுதான். யாரிடம் கேட்டாலும் அவரவர் குடியிருக்கும் ஏரியாவைத்தான் சொல்வார்கள். அடையாறுக்காரருக்குப் பெரம்பூர் வேறு ஊர், பெரம்பூர்க்காரருக்கு ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) வேறு மாநிலம். சென்னை மாநகராட்சி மட்டுமே 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு. அதற்கு வெளியே தாம்பரம், ஆவடி என்று இன்னும் இரண்டு மாநகராட்சிகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரே பதில் கிடைக்காது. தேடுகிற முறையை வேண்டுமானால் சொல்லலாம்.

என் கணக்கு இதுதான்: குடும்பத்துக்கு நல்ல ஏரியா என்றால் பலதரப்பட்ட ஆட்கள் ஏற்கெனவே கலந்து வாழ்கிற ஏரியா. மதம், சாதி, மொழி மட்டும் இல்லை, சம்பளமும் கலந்திருக்க வேண்டும். சமத்துவம் பேசுவதற்காகச் சொல்லவில்லை, அன்றாடப் பிழைப்புக்காகச் சொல்கிறேன். எல்லோருக்கும் வீடு கொடுக்கிற தெருவில் உங்கள் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை குழம்பில் என்ன கொதிக்கிறது என்று யாரும் மோப்பம் பிடிப்பதில்லை. பிள்ளைகள் யார் வீட்டிலும் போய் விளையாடலாம். புதிதாக வந்தவர் என்று யாரும் உற்றுப் பார்க்கவும் மாட்டார்கள், ஏனென்றால் அங்கே பாதிப் பேர் எங்கிருந்தோ வந்தவர்கள்தான்.

முதல் வேலை, பள்ளியும் அலுவலகமும்

வரைபடத்தைத் திறந்து இரண்டு புள்ளி வையுங்கள், ஒன்று வேலை, இன்னொன்று பள்ளி. பள்ளி முடிவாகவில்லை என்றால் வேலை செய்யும் இடத்துக்கு ரயிலிலோ மெட்ரோவிலோ ஒரே வண்டியில் போகக்கூடிய ஏரியாக்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பஸ் தூரத்தை நம்பலாம், பஸ் நேரத்தை நம்ப முடியாது. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை பாதி ஊரைத் தோண்டிப் போட்டிருக்கிறது, அதனால் கூகுள் மேப்பில் ஞாயிறு மதியம் காட்டுகிற நேரத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். திங்கள்கிழமை காலை எட்டரை மணிக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் பெண்கள் தினமும் வெளியே போகிறவர்கள் என்றால் சாதாரணக் கட்டண பஸ் அந்தத் தெருமுனைக்கு வருகிறதா என்பதும் கணக்கு. 2021லிருந்து அதில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை, மாதக் கடைசியில் அது கையில் நிற்கிற காசு.

முடிந்தால் முதலில் ஒன்றிரண்டு மாதம் சொந்தக்காரர் வீட்டிலோ சின்ன வாடகை வீட்டிலோ தங்கிக்கொண்டு தேடுங்கள். ஊரிலிருந்தபடியே போனில் வீடியோ பார்த்து அட்வான்ஸ் கொடுப்பவர்கள் நிறைய. வீடியோவில் வீடு தெரியும், தெரு தெரியாது.

புரோக்கரிடம் முதல் கேள்வி

எங்களுக்கு வீடு கொடுப்பார்களா என்பதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். சென்னையில் வீடு தேடினால் வாடகை எவ்வளவு என்று நீங்கள் கேட்கும் முன்பே "நீங்க எந்த ஊரு சார்? சொந்த ஊர் எது? நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து வரும். இதெல்லாம் சுற்றி வளைத்துச் சாதி கேட்பது என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். சில இடங்களில் சுற்றலே இல்லை, கேட்டிலேயே "வெஜிடேரியன்ஸ் ஒன்லி" என்று போர்டு தொங்கும். முஸ்லிம் பெயர் கேட்டதும் "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்பார்கள். அதே வீட்டின் விளம்பரம் அடுத்த வாரமும் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளையோடு தனியாக இருக்கும் பெண்ணுக்கும் இதே பாட்டுத்தான். என் நண்பர் ஒருவர், பெயரைச் சொன்னதும் போன் கட்டாகிவிடுகிறது என்பதால், கடைசியில் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கமே சொன்னார். நேரம் மிச்சம் என்பார்.

அதனால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். "அண்ணே, நாங்க இன்னார், அசைவம் சமைப்போம், ஓனருக்குச் சரின்னா மட்டும் வீட்டைக் காட்டுங்க." இப்படிச் சொன்னால் பத்தில் சில வீடு கழன்றுவிடும். கழன்றால் நல்லது. பொய் சொல்லிக் குடியேறி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு மீன் வறுப்பதெல்லாம் குடும்பம் நடத்துகிற முறை இல்லை.

இந்தக் கேள்வியால் பாதிக்கப்படாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓனர் உங்களைப் பார்த்து முகம் மலர்ந்து "நம்ம ஆளுங்கதான், தைரியமா வாங்க" என்றால் அங்கேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்களை உள்ளே விட்ட அதே காரணம்தான் நாளைக்கு உங்கள் மகனோடு படிக்கிற பையனைக் கேட்டில் நிறுத்தும். கொடுத்த சலுகைக்கு ஈடாக, எந்த வேலைக்காரம்மா எந்தப் பாத்திரம் தொடலாம், யார் எந்த வழியாக மாடி ஏற வேண்டும் என்கிற பாடமெல்லாம் சேர்ந்தே வரும். புரோக்கரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இதுக்கு முன்னாடி யார் குடியிருந்தாங்க? மத்த போர்ஷன்ல யாரெல்லாம் இருக்காங்க?" இதற்கு வரும் பதிலில் அந்தக் கட்டடத்தின் ஜாதகமே இருக்கிறது.

தெருவில் எதைப் பார்ப்பது

ஒரு ஏரியாவை நான்கு வேளை பார்க்க வேண்டும்: ஞாயிறு காலை, வேலை நாளில் காலையும் சாயங்காலமும், இரவு ஒன்பதரைக்கு மேல்.

ஞாயிறு காலை கடைத்தெருவுக்குப் போங்கள். கறிக்கடை, மீன்காரம்மா, பூக்காரம்மா மூவரும் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்தால் நல்ல சகுனம். அப்புறம் அண்ணாச்சி கடைக்குள் நுழைந்து தட்டுகளைப் பாருங்கள். அண்ணாச்சி விற்காத சரக்கை வாங்கி வைக்க மாட்டார், அதனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை விட அவர் கடை தெளிவாகப் பேசும். கடலை எண்ணெய்க்குப் பக்கத்தில் கடுகு எண்ணெய் பாட்டில் இருந்தால் வங்காளிகளோ பீகாரிகளோ பக்கத்தில் இருக்கிறார்கள். சிவப்பு மட்டை அரிசி மூட்டை திறந்திருந்தால் மலையாளிகள். கோங்குரா ஊறுகாய், ஹலால் முத்திரை போட்ட மசாலா, கார்த்திகை பிறந்தால் வாசலில் தொங்கும் ஐயப்ப மாலை, டிசம்பரில் அதே கொக்கியில் காகித நட்சத்திரம். இதெல்லாம் ஒரே கடையில் இருந்தால் அந்தத் தெருவில் ஆட்கள் கலந்திருக்கிறார்கள் என்று நம்பி மேலே தேடலாம்.

அபார்ட்மெண்ட் என்றால் மாடிப்படிக்குக் கீழே ஈபி மீட்டர் பெட்டி வரிசை இருக்கும், பக்கத்தில் பெயர்ப் பலகை. ஒரு நிமிடம் நின்று படித்துப் பாருங்கள். வாட்ச்மேன் "என்ன சார்?" என்பார், வீடு பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு அவரிடமே பேச்சுக் கொடுங்கள். அவர் எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறார், லிப்டில் போக விடுகிறார்களா என்பதெல்லாம் அந்த அசோசியேஷனைப் பற்றிச் செயலாளரே சொல்லாத செய்தி.

வேலை நாளில் காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை தெருமுனையில் நின்றால் பள்ளி வேன்கள் வரும். ஐந்தாறு பள்ளிகளின் வேன், நடந்து போகிற மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள், சைக்கிளில் போகிற அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாம் தெரிந்தால் வருமானமும் கலந்த தெரு. ஒரே ஒரு பெரிய பள்ளியின் வேன் மட்டும் வரிசையாக வந்தால் அது வேறு மாதிரி ஏரியா, உங்கள் பட்ஜெட்டுக்கு முன்னாலேயே யோசிக்க வேண்டியது.

சாயங்காலம் பார்க்கைப் பாருங்கள். பார்க் இருக்கிறதா என்பது முக்கியமில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான். "பந்து விளையாடக் கூடாது", "புல்லில் உட்காராதீர்" என்று போர்டு நட்டு, பெரியவர்கள் மட்டும் வாக்கிங் சுற்றுகிற பார்க்கால் உங்கள் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. தெருவில் ஸ்டம்புக்குப் பதிலாகச் செங்கல் அடுக்கிக் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் இருந்தால், அவர்கள் எந்தெந்த மொழியில் சண்டை போடுகிறார்கள் என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளும் ஆட்டத்தில் இருந்தால் அந்தத் தெருவுக்கு என் பங்குக்கு இரண்டு மதிப்பெண் கூட.

இரவில் போக வேண்டியது மனைவியோ மகளோ, நீங்கள் இல்லை. நீங்கள் கூடப் போகலாம், தீர்ப்புச் சொல்ல வேண்டியது அவர்கள். தெருவிளக்கு எரிகிறதா, ஸ்டேஷனிலிருந்து வீடு வரை ஒரு மெடிக்கல் ஷாப்பாவது டிபன் கடையாவது திறந்திருக்கிறதா, டாஸ்மாக் எந்தப் பக்கம், நடந்தே வந்துவிட முடியுமா என்று அவர்கள் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரி, எந்தப் பக்கம்?

நானாக இருந்தால் முதலில் பெரம்பூர், ஐசிஎஃப், அயனாவரம் பக்கம் பார்ப்பேன். தென்சென்னைக்காரர்கள் "வடசென்னையா?" என்று இழுப்பார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ரயில்வே பணிமனைகளும், 1955லிருந்து ரயில் பெட்டி செய்கிற ஐசிஎஃப்பும் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த ஏரியா இது. ஆங்கிலோ இந்தியர், தெலுங்கர், மலையாளி, தென்மாவட்டத்துத் தமிழர் எல்லோரும் பல தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. லூர்து மாதா கோவில் ஒரு பக்கம், முஸ்லிம்கள் நிறைய இருக்கும் ஜமாலியா ஒரு பக்கம், தெருவுக்குத் தெரு அம்மன் கோவில். ஆடி மாதம் மைக் செட் சத்தம் காதைப் பிளக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரயில் வசதிக்குக் குறைவில்லை, வெளியூர் ரயில்களும் பெரம்பூரில் நிற்கும், மெட்ரோ வேலையும் நடக்கிறது. குறை என்றால் சுரங்கப்பாதைகள்: மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கி ஏரியாவே இரண்டாகிவிடும். ஓட்டேரி நல்லா கால்வாயை ஒட்டிய தெருக்களை நன்றாக விசாரித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை இன்னொரு வகை. பார்த்தசாரதி கோவிலும் 1795இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலும் நடக்கிற தூரத்தில். அந்தப் பள்ளிவாசலில் ரம்ஜான் மாதம் நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு உணவு பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் சிந்திக்காரர்கள், தேசப் பிரிவினையில் இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களின் வாரிசுகள். இது பல பத்தாண்டுகளாக நடக்கிற வழக்கம். ஆனால் குடும்பத்தோடு குடியிருக்க வீடுகள் சின்னவை, பழையவை, காற்று குறைவு, கார் வைத்திருப்பவர்கள் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். கார் இல்லை, மெரினா பக்கத்தில் வேண்டும், ஜாம்பஜாரில் காய்கறி வாங்க வேண்டும் என்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

தெற்கே வேலை என்றால் பரங்கிமலை, ஆலந்தூர், ஆதம்பாக்கம், பல்லாவரம். பரங்கிமலையில் மின்சார ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில் சேர்கின்றன. ராணுவக் குடியிருப்பு, பழைய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், விமான நிலைய ஊழியர்கள், தோல் தொழிலுக்காக வந்தவர்கள் என்று நல்ல கலவை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு முறை சுற்றினால் உங்களுக்கே புரியும், பழைய மிக்ஸியிலிருந்து புறாக்குஞ்சு வரை வாங்கிக்கொண்டும் வரலாம்.

வீட்டுவசதி வாரியம் போட்ட இடங்களையும் விடாதீர்கள்: அண்ணா நகர், கே.கே. நகர், முகப்பேர். வாரியம் வருமானப் பிரிவு வாரியாகவும் இடஒதுக்கீட்டோடும் மனைகளையும் வீடுகளையும் ஒதுக்கியதால், அந்தக் காலத்திலேயே உயர் வருமானக்காரரும் குறைந்த வருமானக்காரரும் ஒரே நகருக்குள் வந்துவிட்டார்கள். அண்ணா நகரில் பிரதான சாலை விலை எட்டாது, மேற்குப் பக்கமும் முகப்பேரும் ஓரளவு எட்டும்.

ஓஎம்ஆர் கேட்டட் கம்யூனிட்டி பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். பத்துப் பதினைந்து மாநிலத்து ஆட்கள் இருப்பார்கள், நவராத்திரி, ஓணம், துர்கா பூஜை, கிறிஸ்துமஸ் எல்லாம் கிளப் ஹவுஸில் நடக்கும், பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் உண்டு. ஆனால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே மாதிரி வேலை. அந்த மதிலுக்குச் சற்றுத் தள்ளிக் கண்ணகி நகர் இருக்கிறது, ஊரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். "அந்தப் பக்கம் மட்டும் போகாதீங்க சார்" என்று புரோக்கர் சொல்வார். 2025இல் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடிய கார்த்திகா அந்தப் பக்கத்துப் பெண்தான். உங்கள் பிள்ளை அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைத் தெரியாமலேயே வளர வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். என் இஷ்டம் வேறு.

தண்ணீர் இரண்டு விதம்

பள்ளி ஜூனில் திறப்பதால் எல்லோரும் ஏப்ரல், மே மாதத்தில்தான் வீடு தேடுகிறார்கள். அப்போது தண்ணீர்த் தட்டுப்பாடு கண்ணுக்குத் தெரியும், வெள்ளம் தெரியாது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி ஊரே லாரிக்குக் காத்துக் கிடந்தது. அதே ஊர் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூழ்கியது. அதனால் இரண்டையும் விசாரிக்க வேண்டும்.

தட்டுப்பாட்டுக்கு: மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரிய) இணைப்பு இருக்கிறதா, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, போர்வெல் தண்ணீர் உப்பா, லாரி வாங்கினால் அந்தச் செலவு மெயின்டனன்ஸில் சேர்த்தியா தனியா. பாத்ரூம் குழாயைப் பாருங்கள், வெள்ளை உப்பு படிந்திருந்தால் பதில் கேட்கவே வேண்டாம்.

வெள்ளத்துக்கு: காம்பவுண்டு சுவரில் முழங்கால் உயரத்தில் நீளமாக ஒரு கறைக்கோடு ஓடுகிறதா, புதிதாகப் பெயிண்ட் அடித்தது அதுவரை மட்டும்தானா என்று பாருங்கள். பழைய வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டியிருந்தால், சாலை மேல் சாலை போட்டு உயர்த்திவிட்டார்கள் என்று அர்த்தம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கம் என்றால் இரட்டை விசாரணை வேண்டும். தெருப் பெயரையும் கவனியுங்கள். மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோட்டில் இன்று ஏரி இல்லை, அதைத் தூர்த்துத்தான் தி.நகர் வந்தது. ஓனரிடம் "வெள்ளம் வருமா?" என்று கேட்டால் வராது என்றுதான் சொல்வார். இஸ்திரிக்காரரிடம் "மழைக்கு இங்க எல்லாரும் வண்டிய எங்கண்ணே நிறுத்துவாங்க?" என்று கேளுங்கள். "பாலத்து மேல" என்று சொன்னால் முதல் மாடிக்குக் கீழே வீடு பார்க்காதீர்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் மழை எச்சரிக்கை வந்ததும் வரிசையாகக் கார்கள் நிற்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

பள்ளியும் பத்திரமும்

பள்ளியில் கேட்க வேண்டியது தேர்ச்சி விகிதம் இல்லை, அதை அவர்களே பிளெக்ஸில் போட்டிருப்பார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைகள் உண்டா, அவர்களும் மற்றவர்களும் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்களா என்று கேளுங்கள், பதில் சொல்கிறவர் முகத்தையும் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கே அந்த ஒதுக்கீடு பொருந்தும் என்றால் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகள்தான் கணக்கு, அதனால் வாடகை வீட்டின் முகவரியே முக்கியமாகிவிடும். வெளிமாநிலத்தில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்குத் தமிழ் எழுத வராது என்றால் அதே நிலையில் வேறு பிள்ளைகள் வகுப்பில் உண்டா என்றும் விசாரியுங்கள். உண்டு என்றால் டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி தெரிந்திருக்கும். மாநகராட்சிப் பள்ளியையும் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள், பார்க்காமலேயே வேண்டாம் என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

வீடு பிடித்துவிட்டால் ஒப்பந்தத்தில் அவசரம் வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகை என்கிற அளவைச் சொல்கிறது. ஓனர்கள் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்பார்கள், சட்டத்தைச் சொல்லியே பேரம் பேசலாம், பாதியாவது இறங்கும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஈபி மீட்டர் உங்கள் போர்ஷனுக்குத் தனியா என்று பாருங்கள், சப் மீட்டர் வைத்து ஓனர் இஷ்டத்துக்கு யூனிட் விலை போட்டால் அரசு தரும் இலவச யூனிட் உங்களுக்கு வந்து சேராது. விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம், அசைவம் சமைக்கலாமா, வேறு மதப் பண்டிகைக்கு வாசலில் விளக்கோ நட்சத்திரமோ தொங்கவிடலாமா என்பது மாதிரி வாய்வார்த்தை நிபந்தனை ஏதாவது இருந்தால் எல்லாவற்றையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். பேப்பரில் எழுதச் சொன்னதும் பாதி நிபந்தனை காணாமல் போகும். மீதியை எழுதித் தந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வேறு வீடு பார்க்கக் காரணம் கையில் இருக்கிறது.